மருந்துத் தாளில் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? டர்பன் முதியோர் இல்லச் செவிலியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் உள்ள பல முதியோர் இல்லங்களின் ஃப்ரெயில் கேர் (தளர்ந்த முதியோர் பராமரிப்பு) பிரிவுகளில், மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் இன்றும் காகிதத் தாளில்தான் பதிவாகின்றன. பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த செவிலியரும், ஆயா தாத்தாவிடம் தமிழ் கேட்டு வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள் சிலரும் சந்தேகம் வந்தால் தமிழில்தான் கேட்கிறார்கள். அப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். உங்கள் இல்லத்தில் இதற்கென எழுத்து விதிமுறை இருந்து, அது நான் சொல்வதிலிருந்து மாறுபட்டால், அதையே பின்பற்றுங்கள்.

தாளில் தவறாக எழுதிவிட்டேன். எப்படித் திருத்துவது?

தவறான பதிவின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்பதை யாரும் சிரமமின்றிப் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் 'பிழையான பதிவு' என்று எழுதி, அது ஏன் பிழை என்பதை நான்கைந்து சொற்களில் குறித்து, திருத்திய தேதியையும் நேரத்தையும் போட்டு, உங்கள் சுருக்கொப்பத்தை இடுங்கள். அதன் பிறகு சரியான பதிவைத் தனியாக எழுதுங்கள். இங்கே பலர் தடுமாறுவது நேரத்தில்தான். காலை 8 மணிப் பதிவை நண்பகல் 12.15க்குத் திருத்தினால், திருத்தத்தின் நேரம் 12.15 ஆகும். திருத்தம் என்பதே ஒரு புதிய பதிவு. அதற்கென்று ஒரு நேரமும் அதை எழுதிய ஒரு கையும் உண்டு.

டிப்பெக்ஸ் போட்டால் தாள் சுத்தமாக இருக்குமே, ஏன் கூடாது?

அது சுத்தமாக இருப்பதுதான் சிக்கல். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. அதை எழுதிய உங்களாலும் முடியாது. ஒரு முதியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, முந்தைய இரவு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்ற விசாரணை வரும்போது, பூச்சு இருக்கும் கட்டம் நேர்மையான கைத்தவறை மறைக்கிறதா, வேறு எதையாவது மறைக்கிறதா என்று பிரித்துக் காட்ட வழியே இருக்காது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஒரு பதிவில் தகவலைச் சேர்த்தோ நீக்கியோ மாற்றியோ அதைப் பொய்யாக்குவதைக் குற்றம் என்கிறது. அதற்கு அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். 'நீக்கி' என்ற சொல்லோடு 'சேர்த்து' என்ற சொல்லும் அங்கே இருப்பதைக் கவனியுங்கள், ஏனெனில் காலிக் கட்டங்களைப் பின்னால் நிரப்புவதும் அதற்குள் வரக்கூடும். செவிலியர் தெளிவான, சரியான பதிவு வைக்கத் தவறுவதை ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாக நர்சிங் கவுன்சிலின் 1985ஆம் ஆண்டு விதிகளே சொல்லியிருந்தன.

தேய்த்தால் மறையும் ஜெல் பேனாவையும் டூட்டிக்குக் கொண்டுவராதீர்கள். அந்த மை சூட்டில் மறைவது. கோடை வெயிலில் காருக்குள் விட்ட தாளில் எழுத்தே காணாமல் போகும். சாதாரணக் கறுப்பு மைப் பேனா போதும்.

கட்டம் நகத்தளவுதான் இருக்கிறது. கோடு, காரணம், தேதி, ஒப்பம் எல்லாம் அதற்குள் எப்படி அடங்கும்?

அடங்காது. கட்டத்தில் கோட்டை மட்டும் இழுத்துவிட்டு, விளக்கத்தைத் தாளின் பின்பக்கத்திலோ அதற்கென உள்ள குறிப்புப் பகுதியிலோ எழுதுங்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, எந்த வேளை என்று சுட்டாமல் 'மேலே பிழை' என்று மட்டும் எழுதினால், 31 நாள் கட்டங்கள் உள்ள தாளில் எந்த 'மேலே' என்று தேட வேண்டிவரும்.

ஒப்பத்தைச் சுற்றி வட்டம் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பெரும்பாலான தாள்களில் வட்டத்துக்கு 'மருந்து கொடுக்கப்படவில்லை, காரணம் பின்னால்' என்று பொருள். சில இல்லங்களில் அதே வட்டத்தைப் பிழையைக் காட்டவும் பயன்படுத்துகிறார்கள். ஏஜென்சி வழியாக ஒரே வாரத்தில் இரண்டு இல்லங்களில் வேலை செய்கிறவர்கள், தாளின் அடியில் உள்ள குறியீட்டு விளக்கத்தைப் படிக்காமல் வட்டம் போடக் கூடாது.

ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவர் தாளில் பதிந்துவிட்டேன். என்ன செய்வது?

இந்த ஊரில் இது நடக்காத இல்லம் இருக்க முடியாது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கொண்டுவந்த பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்து போயின. ஒரே தாழ்வாரத்தில் மூன்று கோவெண்டர், இரண்டு நாயுடு, இரண்டு பிள்ளை, ஒரு மூட்லி என்று இருப்பார்கள்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். எதிரெதிர் அறைகளில் இரண்டு நாயுடு அம்மாக்கள் இருந்தார்கள். இருவருக்கும் முதலெழுத்தும் ஒன்றே. இருவருக்கும் இரவு 8 மணிக்கு இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின். ஒருவருக்கு 5 மில்லிகிராம், மற்றவருக்கு 10. முதல் அம்மாவுக்கு மாத்திரையைச் சரியாகக் கொடுத்தேன், ஆனால் கோப்பில் இரண்டாம் அம்மாவின் தாளைப் புரட்டி அதில் ஒப்பமிட்டுவிட்டேன். எதிர் அறைக்குப் போய்த் தாளைத் திறந்தபோது, அன்றைய கட்டத்தில் என் எழுத்து ஏற்கெனவே இருந்தது. கை சில்லிட்டுப் போனது.

அந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரையைத்தான். இரண்டாம் அம்மாவின் ப்ளிஸ்டர் பேக்கில் (வேளைக்கு ஒரு குழியாக மாத்திரை அடைத்த அட்டையில்) அன்றைய குழி உடைக்கப்படாமல் இருந்தது. முதல் அம்மாவுடையது உடைந்து காலியாக இருந்தது. ஆகவே மருந்து சரியான வாயில்தான் போயிருக்கிறது, பதிவுதான் தவறு என்பது உறுதியாயிற்று. இரண்டாம் அம்மாவின் தாளில் என் ஒப்பத்தின் மேல் கோடிட்டு, பின்பக்கத்தில் 'பிழையான பதிவு, வேறொரு இல்லவாசிக்கு உரியது, இந்த மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை, 20.25' என்று எழுதி ஒப்பமிட்டேன். பிறகு அவருக்கு மருந்தைக் கொடுத்து, கட்டத்தில் இடமில்லாததால் அதே குறிப்பின் கீழ் '20.30 மணிக்கு 10 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது' என்று பதிந்தேன். முதல் அம்மாவின் தாளில் ஒப்பமிட்டு, பின்பக்கத்தில் '20.10க்குக் கொடுக்கப்பட்டது, 20.35க்குப் பதியப்பட்டது' என்று எழுதினேன்.

அந்தக் குறிப்பில் முதல் அம்மாவின் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவரின் தாளில் மற்றவரின் பெயரையும் மருந்தையும் எழுதினால், அவருடைய தகவல் இவருடைய கோப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். இரண்டு பெயரும் சேர்ந்து வர வேண்டிய இடம் சம்பவ அறிக்கை மட்டுமே. நான் அன்றிரவே அந்த அறிக்கையையும் நிரப்பினேன். ஒருவருக்கும் தீங்கு நேராததால் எதற்கு வீண் வேலை என்று உடன் இருந்த கேரர் (பராமரிப்பு உதவியாளர்) கேட்டார். அந்த அறிக்கையால்தான் ஒரே பெயர் உள்ளவர்களின் தாள்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும், புகைப்படத்தைப் பார்த்த பிறகே தாளைத் திறக்கும் வழக்கமும் அந்த இல்லத்தில் வந்தன.

பதிவில் பிழை, மருந்தில் பிழை: இரண்டும் ஒன்றா?

இல்லை. குழி உடைந்து, மாத்திரை தவறான ஆளுக்கோ தவறான அளவிலோ போயிருந்தால், பேனாவைக் கீழே வையுங்கள். அந்த முதியவரின் நாடி, இரத்த அழுத்தம், சுவாசம், நினைவு நிலை, தேவைப்பட்டால் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து, பொறுப்பு சிஸ்டரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தாளில் நடந்தது நடந்தபடியே இருக்க வேண்டும்: உண்மையில் எதைக் கொடுத்தீர்களோ அதைத்தான் பதிய வேண்டும், கொடுத்திருக்க வேண்டியதை அல்ல. தவறாகக் கொடுத்த மருந்தின் பதிவைக் கோடிட்டு அடிப்பது திருத்தம் ஆகாது, ஏனெனில் அந்தப் பதிவு உண்மை.

முந்தைய ஷிஃப்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நான் நிரப்பலாமா?

நிரப்பக் கூடாது. அந்த மருந்தைக் கொடுத்தவர் நீங்கள் அல்ல. காலிக் கட்டம் ஒரு கேள்வி மட்டுமே; கொடுத்துவிட்டுப் பதிய மறந்திருக்கலாம், கொடுக்காமலே விட்டிருக்கலாம். ப்ளிஸ்டர் பேக்கைப் பாருங்கள், எண்ணுங்கள், டூட்டி முடித்துப் போனவரை அழைத்துக் கேளுங்கள். அவர் மீண்டும் டூட்டிக்கு வந்ததும், தனக்கு உறுதியாக நினைவிருந்தால் மட்டும், 'தாமதப் பதிவு' என்று குறித்து, எழுதும் நாளின் தேதியையும் நேரத்தையும் போட்டு அவரே எழுத வேண்டும். நினைவில்லை என்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்; யார் எப்போது அதைக் கண்டார், என்ன விசாரித்தார் என்பது குறிப்பில் இருந்தால் போதும். உறுதி இல்லாத நிலையில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு மாத்திரை கொடுப்பதுதான் இதில் மிக ஆபத்தானது.

மாத இறுதித் தணிக்கைக்கு முந்தைய மாலையில் எல்லாரையும் உட்காரவைத்துக் காலிக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் வழக்கத்தை நான் ஓர் இல்லத்தில் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய் இரவு 9 மணிக்கு என்ன கொடுத்தோம் என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்? ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் பதினைந்து ஒப்பங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டுபிடிக்கக் கையெழுத்து வல்லுநர் தேவையில்லை.

ஒப்பமிட்டுவிட்டுத்தான் கொடுக்கப் போனேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது?

ஒப்பத்தைக் கோடிட்டு, மறுத்தார் என்பதற்கான குறியீட்டைப் போட்டு, பின்பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். பிறகு, முன்கூட்டி ஒப்பமிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; வண்டியின் அருகே நின்று பத்துப் பேருக்கும் ஒப்பமிட்டு முடித்துவிட்டுக் கொடுக்கக் கிளம்புவதிலிருந்துதான் இந்தப் பிழைகளில் பாதி பிறக்கின்றன.

மறுத்தார், நிறுத்திவைக்கப்பட்டது, இல்லத்தில் இல்லை ஆகிய மூன்றும் வெவ்வேறு. புரட்டாசிச் சனிக்கிழமையிலோ தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாட்களிலோ இல்லத்தில் உள்ள ஓர் ஆயா (பாட்டி) விரதம் என்று காலை உணவைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'சாப்பிடாமல் மாத்திரை வேண்டாம்' என்று அவர் சொன்னால் அது மறுப்பு. அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே குறிப்பில் எழுதலாம். அவர் உண்ணாததால் சர்க்கரை இறங்கிவிடும் என்று மருத்துவரைக் கேட்டு நீங்கள் சர்க்கரை மாத்திரையான கிளிக்ளசைடை நிறுத்தினால் அது நிறுத்திவைப்பு. இதய மருந்தான டிகாக்ஸினுக்கு முன் நாடி பார்த்து, 60க்குக் கீழே இருந்ததால் கொடுக்காமல் விட்டதும் அப்படியே. அதில் நாடியின் எண்ணும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தால் மூன்றாவது குறியீடு. மகள் கையில் கொடுத்தனுப்பிய மாத்திரைகளுக்கு நீங்கள் ஒப்பமிட முடியாது, ஏனெனில் அவர் விழுங்கியதை நீங்கள் பார்க்கவில்லை.

ஸ்கிரிப்டிலிருந்து (மருத்துவரின் மருந்துச் சீட்டிலிருந்து) தாளுக்குப் படியெடுக்கும்போதே அளவு தவறிவிட்டது. எண்ணை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகிய வரியில் எதையும் உள்ளுக்குள் மாற்றக் கூடாது. முழு வரியையும் கோடிட்டு நிறுத்தி, மீதமுள்ள நாள் கட்டங்களையும் அடைத்து, தேதியும் ஒப்பமும் இட்டு, கீழே புதிய வரியாக முழுவதும் எழுதி, இன்னொரு செவிலியரை மூல ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வரியில் 5ஐ 10 ஆக்கினால், மாதத் தொடக்கத்திலிருந்தே 10 கொடுத்து வந்ததாகத் தாள் பொய் சொல்லும். எத்தனை வேளைகள் தவறான அளவு போயிருக்கிறது என்று எண்ணி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது மருந்துப் பிழை.

இந்த நாட்டில் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி எழுதுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் 2,5 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதியதில் காற்புள்ளி மங்கிப்போனால் அது 25 ஆகத் தெரியும். பாதி மில்லிகிராமை எழுதும்போது முன்னால் சுழியம் போட்டு 0,5 என்று எழுதுங்கள். முழு எண்ணுக்குப் பின்னால் காற்புள்ளியும் சுழியமும் போடாதீர்கள், ஏனெனில் 5,0 என்பது அவசரத்தில் 50 ஆகும். இன்சுலினுக்கு 'யூனிட்' என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். அதைச் சுருக்கி எழுதும் 'U' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சுழியமாகப் படித்து 4 யூனிட்டை 40 ஆக்கிய பிழைகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன.

வாரம் ஒரு முறை கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துக்கு, படியெடுக்கும்போதே மற்ற ஆறு நாள் கட்டங்களையும் குறுக்குக் குறி போட்டு அடைத்துவிடுங்கள். தினமும் கொடுத்து உயிர் போன நிகழ்வுகள் உள்ள மருந்து அது.

மருத்துவரின் ஸ்கிரிப்டே தவறாகத் தெரிகிறது. திருத்தலாமா?

இல்லை. கொடுக்காமல் நிறுத்தி, அவரை அழைத்துக் கேளுங்கள். தொலைபேசியில் மாற்றம் சொன்னால், இன்னொரு செவிலியரும் கேட்கும்படி வைத்து, எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டி, இருவரும் ஒப்பமிட்டு, உங்கள் இல்லம் விதித்த கால எல்லைக்குள் மருத்துவரின் கையொப்பத்தை வாங்குங்கள்.

ஷெட்யூல் 6 பதிவேட்டில் இருப்பு எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன்.

ஷெட்யூல் 6 என்பது கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் பட்டியல். மார்ஃபின் போன்ற அந்த மருந்துகளின் பதிவேட்டில் ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது, ஓர் எண்ணின் மேலும் இன்னோர் எண்ணை எழுதக் கூடாது. உடனே இரண்டாம் செவிலியரை அழைத்து, பாட்டிலையோ பெட்டியையோ கையில் எடுத்து இருவரும் எண்ணுங்கள் அல்லது அளந்து பாருங்கள். கூட்டல் கழித்தலில்தான் பிழை என்றால், தவறான எண் படிக்கும்படி ஒரு கோடிட்டு, அடுத்த வரியில் 'கணக்குப் பிழை. எண்ணிப் பார்த்த இருப்பு இவ்வளவு' என்று எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். மருந்தே குறைகிறது என்றால் இது திருத்தும் வேலை அல்ல. தலைமைச் செவிலியரான மேட்ரனுக்கு அப்போதே சொல்ல வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

மேட்ரனே 'நீ போட்டுவிடு, அவள் லீவில் இருக்கிறாள்' என்கிறார். மறுக்க முடியுமா?

முடியும், மறுக்க வேண்டும். நர்சிங் கவுன்சிலில் உங்கள் பெயரில்தான் பதிவு இருக்கிறது, விசாரணையிலும் உங்கள் ஒப்பத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், 'மேட்ரன், நான் அந்த நேரத்தில் டூட்டியில் இல்லை. பிழையை நான் கண்டதாக என் பெயரில் ஒரு குறிப்பு எழுதிவிடுகிறேன், அவர் வந்ததும் அவரே திருத்தட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். மரியாதையும் குறையாது, உண்மையும் தாளில் ஏறிவிடும். லீவில் இருப்பவர் வேலையை விட்டே போயிருந்தாலும் வழி இதுதான்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் எழுதியது கலங்கிவிட்டது, தேநீரும் கொட்டிவிட்டது. புதிய தாளில் எழுதிக்கொள்ளலாமா?

படியெடுக்கலாம், ஆனால் பழைய தாளை எறியக் கூடாது. புதிய தாளின் தலைப்பில் 'படி' என்றும், யார், எப்போது, ஏன் எடுத்தார் என்றும் எழுதி, பழையதைப் பின்னால் இணைத்து வையுங்கள். மற்றவர்களின் ஒப்பங்களை நீங்கள் பார்த்து எழுதக் கூடாது. கடந்த நாட்கள் பழைய தாளிலேயே இருக்கட்டும், புதிய தாள் இன்றிலிருந்து தொடங்கட்டும்.

தவறான கட்டத்தைப் படம் பிடித்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உரியவர் விரைவாக வந்து திருத்துவாரே?

பெயரும் நோயும் மருந்தும் உள்ள தாள் அது. 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. 2021 ஜூலை முதல் அது முழுமையாக அமலில் உள்ளது. குழுவில் இருபது பேரின் தொலைபேசிகளுக்குப் போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது. உரியவரை அழைத்து, 'உங்கள் நேற்றைய இரவுப் பதிவில் ஒரு கேள்வி இருக்கிறது, வந்ததும் பாருங்கள்' என்று சொன்னால் போதும்.

குடும்பத்தினர் தாளில் கோடுகளைப் பார்த்து, 'சிஸ்டர், அம்மாவுக்கு எதையோ மாற்றிக் கொடுத்துவிட்டீர்களா?' என்று கேட்டால் என்ன சொல்வது?

தாளை மூடாதீர்கள். தாளைப் பார்க்க அந்த அம்மாவின் சம்மதமோ உரிய அதிகாரமோ அவர்களுக்கு இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்தக் கோட்டைக் காட்டி, அதன் அடியில் இருப்பதையும் பின்பக்கத்துக் குறிப்பையும் அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். பதிவுப் பிழை மட்டும்தான் என்றால் அப்படியே சொல்லுங்கள். மருந்தே தவறிப் போயிருந்தால், அவர்கள் தாளில் கண்டு கேட்கும்வரை காத்திருக்காமல், பொறுப்பு சிஸ்டரோ மேட்ரனோ அன்றே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். யார், எத்தனை மணிக்கு, குடும்பத்தில் யாரிடம் சொன்னார் என்பதும் கோப்பில் ஏற வேண்டும். ஒரு மகன் என்னிடம் அரை மணி நேரம் கோபமாகப் பேசிவிட்டு, கடைசியில் தாளை வாங்கி ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துத் தேதிகளைப் படித்தார். பிறகு, அடுத்த வாரம் அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது மாத்திரைகளை எப்படிக் குறித்துவைப்பது என்று கேட்டார். அவருக்கும் ஒரு வெற்றுத் தாளும் கறுப்பு மைப் பேனாவும் கொடுத்தனுப்பினேன்.